ஒன்பதாம் நாள் வலிப்பும் ஒரு கணக்குத் தாளும்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தில் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, மற்ற வாசகர்களும் பின்தொடர வசதியாக முதலில் அதைச் சுருக்கித் தருகிறேன். நீங்கள் கணக்காளராகப் பணிபுரிகிறீர்கள். மூத்த மகனுக்குப் பதினைந்தாம் மாதத்தில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் தடுப்பூசி போடப்பட்டது. ஒன்பதாம் நாள் இரவு காய்ச்சல் ஏறி, கை கால் விறைத்து, கண் மேலே செருகி, ஏறத்தாழ மூன்று நிமிடம் அவனுக்கு வலிப்பு வந்தது. மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். தடுப்பூசி போட்டதை நீங்கள் இருமுறை சொல்லியும், வீட்டுக்கு அனுப்பும் குறிப்பில் 'வைரஸ் காய்ச்சல்' என்று மட்டுமே எழுதினார்கள். மகனுக்கு இப்போது மூன்று வயது, நன்றாக இருக்கிறான். மகளுக்குப் பதினொரு மாதம்; அதே ஊசிக்கான நாள் நெருங்குகிறது.

இந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் ஒரு கணக்குத் தாளும் தயாரித்திருக்கிறீர்கள். பொதுமக்களும் பார்க்கக்கூடிய பக்கவிளைவு அறிக்கைப் பட்டியல் ஒன்றிலிருந்து எண்களை எடுத்து, 'நூற்றில் ஒன்றுதான் பதிவாகிறது' என்று எங்கோ படித்ததால் அவற்றை நூறால் பெருக்கி, ஊசி போட்டவர்கள் காய்ச்சலில் படுத்த நாட்களையும் அதில் சேர்த்து, ஒரு பெரிய தொகைக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் கேள்விகள் மூன்று. இந்த மொத்தச் சுமையை யாராவது முறையாக அளக்கிறார்களா, அல்லது 'அரிது' என்ற ஒரே சொல்லால் மூடிவிடுகிறார்களா? மகளுக்கு இரண்டு வயது வரை ஊசியைத் தள்ளிப்போடலாமா? மகனின் வலிப்பு எந்தக் கணக்கிலாவது இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அந்த ஒரு வலிப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அது ஏறியிருக்க வேண்டும். இதில் உங்கள் மனக்குறை நியாயமானது.

மகனுக்கு வந்தது தடுப்பூசியாலா?

பெரும்பாலும் ஆம் என்பதே என் கருத்து. எம்எம்ஆர் ஊசியில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது உடலில் பெருகி எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதற்கு ஒரு வாரம் ஆகும். ஆகவே அதனால் வரும் காய்ச்சல் அன்றிரவே வராமல், பெரும்பாலும் ஐந்தாம் நாள் முதல் பன்னிரண்டாம் நாளுக்குள்தான் வரும். ஒன்பதாம் நாள் என்பது அந்தக் காலத்தின் நடுப்பகுதி. போட்ட ஒன்பது நாள் கழித்து வந்ததால் ஊசிக்குத் தொடர்பில்லை என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அவர் இந்த ஊசியின் இயல்பை மறந்து சொல்லியிருக்கிறார்.

எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. டென்மார்க்கில் 1991 முதல் 1998 வரை பிறந்த 5 லட்சத்து 37 ஆயிரம் குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வு, எம்எம்ஆர் போட்ட இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வலிப்பு வரும் விகிதம் 2.75 மடங்காவதைக் கண்டது. ஊசியே இல்லாவிட்டாலும் அந்த வயதில் 100 குழந்தைகளுக்கு வலிப்பு வந்திருக்கும் இடத்தில், ஊசிக்குப் பின் 275 குழந்தைகளுக்கு வருகிறது என்று இதை வாசியுங்கள். அந்த 275இல் 175, அதாவது ஏறத்தாழ 64 சதவீதம், ஊசியால் வந்தவை. மீதி 100 எப்படியும் வந்திருக்கும். உங்கள் மகன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதை எந்த ரத்தப் பரிசோதனையாலும் பிரித்துச் சொல்ல முடியாது. காய்ச்சல் உச்சமடையும் நாட்களில் வலிப்பு வந்ததால், அவனுக்கு இந்த 64ஐவிடக் கூடுதலாகவே நான் மதிப்பிடுவேன்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. அதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஊசிக்குப் பின் காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளுக்கு, வேறு காரணத்தால் அதே வலிப்பு வந்த குழந்தைகளைவிடப் பின்னாளில் கால்-கை வலிப்பு நோய் (காய்ச்சல் இல்லாமலே திரும்பத் திரும்ப வலிப்பு வரும் நோய்) அதிகமாக வரவில்லை. மகன் ஒவ்வொரு முறை தடுக்கி விழும்போதும் உங்களுக்கு நெஞ்சு பதைப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த இரவு அவனுக்குள் எதையும் விட்டுச் செல்லவில்லை என்று நம்புவதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

உங்கள் கணக்குத் தாளில் எங்கே இடறல்

நீங்கள் கணக்காளர் என்பதால் நேராகவே சொல்கிறேன்: வரவு செலவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கூட்டியிருக்கிறீர்கள், அந்தப் பக்கத்திலும் பதிவுகள் சரிபார்க்கப்படாதவை.

அறிக்கைப் பட்டியல் என்பது எச்சரிக்கை மணியடிப்பதற்கான ஏற்பாடு. அளப்பதற்கான கருவி வேறு. ஊசிக்குப் பின் எது நடந்தாலும், காரணம் எதுவாக இருந்தாலும், யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். அப்படித் திறந்து வைத்திருப்பதால்தான் அதற்குப் பயனே. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸுக்கு எதிராக அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்ற முதல் தடுப்பு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 ஜூலைக்குள், மருந்து கொடுத்த கைக்குழந்தைகளுக்குக் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வது) ஏற்பட்டதாக வந்த 15 அறிக்கைகள் மணியை அடித்தன. மருந்து நிறுத்திவைக்கப்பட்டு, ஆய்வு நடந்து, அக்டோபரில் அது சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. ஆபத்தின் அளவு ஏறத்தாழ 10,000 குழந்தைகளுக்கு ஒன்று என்பது அதற்குப் பிறகு நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில் தெரிந்தது. அடுத்து வந்த இரண்டு ரோட்டா மருந்துகளை, இதே ஆபத்தை முன்கூட்டியே காண்பதற்காக, ஒவ்வொன்றையும் 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்த பிறகே அனுமதித்தார்கள்.

நூறால் பெருக்குவதில் உள்ள சிக்கல் வேறு. பதிவாகாமல் போகும் பங்கு எல்லாப் பக்கவிளைவுக்கும் ஒன்றல்ல. அமெரிக்க அறிக்கை அமைப்பைப் பற்றி 1995இல் வெளியான மதிப்பீடு ஒன்று, போலியோ சொட்டு மருந்தால் வந்த வாத நோயில் 72 சதவீதம் பதிவானதையும், எம்எம்ஆருக்குப் பின் வரும் தோல் தடிப்பில் ஒரு சதவீதம்கூடப் பதிவாகாததையும் காட்டியது. தடிப்பை நூறால் பெருக்கினால் உண்மைக்கு அருகில் வரலாம். வாத நோயை நூறால் பெருக்கினால் பிறக்காத குழந்தைகளையும் சேர்த்து எண்ணியதாகிவிடும்.

இதைவிட முக்கியமானது பின்னணி விகிதம். ஊசி என்ற ஒன்றே இல்லாத உலகிலும் மனிதர்களுக்கு நோய் வருகிறது. சிலர் திடீரென இறக்கிறார்கள். பிரிட்டனில் ஒரு கோடிப் பேருக்கு ஊசி போட்டால், ஊசிக்கும் அதற்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், அடுத்த ஆறு வாரத்தில் ஏறத்தாழ 21 பேருக்குக் கில்லன்-பாரே வாத நோயும் ஐந்தாறு திடீர் மரணங்களும் நிகழ்ந்தே தீரும் என்று 2009இல் கணக்கிட்டார்கள். வந்த எண்ணிக்கையிலிருந்து இந்த 'எப்படியும் வந்திருக்கும்' எண்ணிக்கையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஊசியின் பங்கு. உங்கள் தாளில் இந்தக் கழித்தலுக்கு நிரலே இல்லை.

கழிப்பதற்கு மிக அழகான வழியாக நான் கருதுவது, பின்லாந்தில் 581 இரட்டைக் குழந்தை ஜோடிகளைக் கொண்டு நடத்தி 1986இல் வெளியான சோதனை. இரட்டையரில் ஒருவருக்கு எம்எம்ஆர், மற்றவருக்கு மருந்தில்லாத போலி ஊசி. மூன்று வாரம் கழித்து மாற்றிப் போட்டார்கள். எந்த ஊசி யாருக்கு என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. சளி, இருமல், எரிச்சல், காய்ச்சல் என்று ஏராளமாகப் பதிவாகின. ஆனால் இரு பக்கத்தையும் கழித்துப் பார்த்தபோது, உண்மையில் ஊசியால் வந்தது என்று சொல்லக்கூடியவை 0.5 முதல் 4 சதவீதக் குழந்தைகளிடம்தான் இருந்தன. பெரியவர்களிடமும் இதுவே நிலை: கோவிட் தடுப்பூசிச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, போலி ஊசி போட்டுக்கொண்டவர்களிலேயே 35 சதவீதம் பேர் முதல் ஊசிக்குப் பின் தலைவலி, அசதி போன்றவற்றைச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தலைவலி உண்மை, அதற்கு ஊசி காரணமில்லை, அவ்வளவுதான்.

சிறு காய்ச்சல்களைக் கூட்டலாமா?

கூட்டலாம். இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம். 'லேசான காய்ச்சல்தானே' என்று தள்ளிவிட்டால், கோடிக்கணக்கானோர் படுத்த நாட்கள் யாருடைய கணக்கிலும் வராமல் போகும்.

நலமிழந்த காலத்தை அளப்பதற்குப் பொதுச் சுகாதாரத் துறையில் 'டாலி' என்று ஓர் அலகு உண்டு. 1993இன் உலக வளர்ச்சி அறிக்கை வழியே அது பரவலானது. அகால மரணத்தால் இழந்த ஆண்டுகளையும், நோயோடு வாழ்ந்த காலத்தையும் ஒரே அலகில் கூட்டுவது அதன் வேலை. ஒவ்வொரு நிலைக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை எடை தருவார்கள்: பூஜ்யம் முழு நலம், ஒன்று மரணத்துக்குச் சமம். அன்றாட வேலையைச் சற்றே தடுக்கும் காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் 0.051 என்று ஓர் எடை உண்டு. இரண்டு நாள் அப்படிப் படுத்தால், 48 மணி நேரத்தை 0.051ஆல் பெருக்க, ஏறத்தாழ இரண்டரை மணி நேர முழு நலம் இழந்ததாகக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, பத்து லட்சம் பேருக்கு ஊசி போட்டு அவர்களில் பத்தில் ஒருவருக்கு, போலி ஊசியின் பங்கைக் கழித்த பிறகும், இப்படி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஏறத்தாழ 28 ஆண்டுகள். இது சிறிய எண் அல்ல. ஆனால் ஒரு வயதில் தட்டம்மையால் இறக்கும் ஒரே ஒரு குழந்தை இழப்பது எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் என்பதையும் அதன் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

இந்த அளவுகோலிலும் எனக்கு ஒரு குறை உண்டு. உங்கள் மகனின் மூன்று நிமிடமும் மருத்துவமனையில் கழிந்த ஒரு நாளும் இதில் ஏறத்தாழ பூஜ்யமாகக் கரைந்துவிடும். அவனுக்கு அது நினைவில்கூட இல்லை. ஆனால் இரவில் மூன்று முறை எழுந்து இரண்டு பிள்ளைகளின் நெற்றியையும் தொட்டுப் பார்க்கும் தாயின் இரண்டு ஆண்டுகள் எந்த எடையிலும் இல்லை. அளவுகோல் நோயாளியை மட்டுமே பார்க்கிறது, பார்த்துக்கொண்டிருந்தவரைப் பார்ப்பதில்லை.

மற்றப் பக்கம்

டென்மார்க் ஆய்வின்படி, எம்எம்ஆரால் கூடுதலாக வரும் காய்ச்சல் வலிப்பு 1,000 குழந்தைகளுக்கு 1.56, பத்து லட்சம் குழந்தைகளுக்கு 1,560. தடுப்பூசி வருவதற்கு முன் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் தட்டம்மை வந்துகொண்டிருந்தது. அதன் கணக்கு, நல்ல மருத்துவ வசதி உள்ள இடங்களிலேயே, நோய் வந்த 1,000 பேரில் ஒருவருக்கு மூளையழற்சி, ஒன்று முதல் மூன்று குழந்தைகள் வரை மரணம். பத்து லட்சத்துக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள். காய்ச்சல் வலிப்பும் தட்டம்மையில் ஊசியைவிட அதிகமாகவே வரும்.

இன்று எங்கும் தட்டம்மையைக் காணோமே என்ற கேள்வியையும் நீங்கள் எழுப்பியிருந்தீர்கள். நோய் குறைந்திருப்பது ஊசியால் என்பதால், இன்றைய நோய் எண்ணிக்கையோடு பக்கவிளைவை ஒப்பிட்டால் விடை புரட்டாக வரும். ஊசியை நிறுத்தினால் வரக்கூடிய எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். நோய் உண்மையிலேயே நீங்கியபோது கணக்கு மாறியதும் உண்டு. அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில், பெரியம்மையின் ஆபத்தைவிட அதன் தடுப்பு மருந்தான அம்மைப்பாலின் ஆபத்து கூடுதலானபோது, குழந்தைகளுக்கு அதை வழக்கமாகப் போடுவதை நிறுத்தினார்கள். அதே நாடு 2000இல், அபூர்வமாக வாதத்தைத் தந்த போலியோ சொட்டு மருந்தை விட்டு ஊசிக்கு மாறியது. சராசரி மறைக்கும் விஷயங்களும் உண்டு: 2021 ஏப்ரல் 7 அன்று பிரிட்டன், அபூர்வ ரத்த உறைவின் காரணமாக, 30 வயதுக்குட்பட்டோருக்கு ஆஸ்ட்ராஜெனிகாவுக்குப் பதில் வேறு கோவிட் தடுப்பூசி தருமாறு அறிவுறுத்தியது. வயதானவர்களுக்குக் கணக்கு ஒரு பக்கம், இளைஞர்களுக்கு மறுபக்கம். 'அரிது' என்ற சொல்லால் மூடியிருந்தால் இவை எதுவும் நடந்திருக்காது.

மகளுக்குத் தள்ளிப்போடுவது பற்றி

வேண்டாம் என்பதே என் ஆலோசனை. இரண்டு வயதுக்குள் குழந்தை வளர வளர இந்த வலிப்பின் ஆபத்து குறையும் என்று நீங்கள் ஊகிக்கிறீர்கள். இயல்பான ஊகம்தான், ஆனால் தவறு. 12 முதல் 15 மாதத்தில் போடும்போது வரும் கூடுதல் ஆபத்து, 16 முதல் 23 மாதத்தில் போடும்போது ஏறத்தாழ இருமடங்காகிறது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அவளுக்குத் தட்டம்மைப் பாதுகாப்பும் இல்லாமல், வலிப்பின் வாய்ப்பும் கூடிய நிலை.

உடன்பிறந்தவருக்குக் காய்ச்சல் வலிப்பு வந்திருந்தால் ஆபத்து கூடும் என்பது உண்மை. டென்மார்க் ஆய்வில் அப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கூடுதல் வலிப்பு 1,000க்கு ஏறத்தாழ 4. ஆகவே உங்கள் அச்சம் ஆதாரமற்றதல்ல. 996 குழந்தைகளுக்கு அந்தக் கூடுதல் வலிப்பு வருவதில்லை என்பதும் அதே எண்ணில் அடங்கியிருக்கிறது. செய்யக்கூடிய ஒன்று உண்டு: சின்னம்மையையும் சேர்த்து நான்கையும் ஒரே ஊசியில் தரும் வகை இருந்தால், அதைத் தவிர்த்து எம்எம்ஆரையும் சின்னம்மை ஊசியையும் தனித்தனியாகப் போடக் கேளுங்கள். நான்கு சேர்ந்த ஊசி, முதல் தவணையில் 2,300 முதல் 2,600 குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் கூடுதல் வலிப்பைத் தருவதால், குடும்பத்தில் வலிப்பு இருந்தவர்களுக்குத் தனித்தனி ஊசியே பரிந்துரைக்கப்படுகிறது. முன்கூட்டியே பாரசிட்டமால் கொடுத்தால் வலிப்பு வராது என்பதற்கு ஆதாரமில்லை. காய்ச்சலில் குழந்தை வாடினால் கொடுக்கலாம்.

ஐந்தாம் நாள் முதல் பன்னிரண்டாம் நாள் வரை கவனமாக இருங்கள். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் அவசர உதவியை அழையுங்கள். சீக்கிரம் நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மகனின் இரண்டாம் தவணை பற்றிக் கேட்டிருந்தீர்கள். காய்ச்சல் வலிப்பு அதற்குத் தடையல்ல. 4 முதல் 6 வயதில் போடும்போது வலிப்பு ஆபத்து கூடியதாகக் காணப்படவில்லை.

எழுதாமல் விட்ட குறிப்பு

ஜப்பானில் 1975இல், கக்குவான் தடுப்பூசிக்குப் பின் இரு குழந்தைகள் இறந்ததை அடுத்து ஊசி நிறுத்தப்பட்டு, பிறகு இரண்டு வயதுக்கு மேல் மட்டும் போடலாம் என்று திரும்பி வந்தது. அதற்குள் மக்களின் நம்பிக்கை போய்விட்டது. 80 சதவீதம் அளவுக்கு இருந்த ஊசி போடும் வழக்கம் 1976இல் 10 சதவீதத்துக்கு இறங்கியது. 1974இல் 393 பேருக்குக் கக்குவான், மரணம் இல்லை. 1979இல் 13,000க்கும் மேல், 41 மரணம். பக்கவிளைவு மக்கள் நலத்தில் ஏற்படுத்தும் தாக்கத்தை அளக்கும்போது, உடலுக்கு நேரும் தீங்கோடு இந்த நம்பிக்கை இழப்பையும் சேர்க்க வேண்டும். பல சமயம் இதுவே பெரிய தொகை. உங்கள் மகனின் குறிப்பில் 'எம்எம்ஆர் போட்ட ஒன்பதாம் நாள்' என்று நான்கு சொல் எழுதி, 'இது ஊசியால் வந்திருக்கலாம், தீங்கின்றிப் போய்விடும்' என்று அன்றே சொல்லியிருந்தால், நீங்கள் இன்று மகளின் ஊசியைத் தள்ளிப்போட நினைத்திருக்க மாட்டீர்கள் என்றே எண்ணுகிறேன்.

இழப்பீடு பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாத இழப்பீட்டுத் திட்டத்தை ஜெர்மனி 1961இலேயே தொடங்கியது. வேறு சில நாடுகளிலும் அது உண்டு. அவை பொதுவாக நிலைத்த பாதிப்புக்கே தரப்படுபவை. உங்கள் மகனின் நிலைக்குப் பொருந்தும் என்று நம்பிக்கை ஊட்ட எனக்கு மனமில்லை.

ஆனால் பதிவு செய்வது உங்கள் கையில் இருக்கிறது. பல நாடுகளில் பெற்றோரே நேராக அறிக்கை அனுப்பலாம். இல்லையென்றால் குடும்ப மருத்துவர் வழியே அனுப்பலாம். தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். ஊசி போட்ட தேதி, தடுப்பூசி அட்டையில் உள்ள தொகுதி எண், வலிப்பு வந்த தேதியும் நேரமும், எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போதைய காய்ச்சலின் அளவு, அன்று வேறு சளியோ தொற்றோ இருந்ததா, இப்போது மகன் எப்படி இருக்கிறான் என்ற விவரங்கள் போதும். மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவேட்டின் நகலையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். மகளின் ஊசிக்குப் போகும்போது அந்த நகலையும் எடுத்துச் சென்று, அண்ணனுக்கு வந்ததை அவளுடைய அட்டையிலும் குறிக்கச் சொல்லுங்கள்.